அருள் வராத வியாழக்கிழமை

வலது கால் மறுபடி செருப்புக்குள் நுழையும் அளவுக்கு வீக்கம் வற்றிவிட்டது. கணுக்காலுக்கு மேலே பழைய தோல் உரிந்து, புதுத்தோல் வெளிர் சிவப்பாக வந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் நன்றாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். நன்றாகிவிட்டது என்கிறேன். எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்குத்தான் இதுவரை ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பிறந்த ஊர் சிலமலை, வாழ்க்கைப்பட்டது போடி. கணவர் கண்ணன் ஏலக்காய் தரம்பிரிக்கும் ஸ்டோர் ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறார். ஒரே மகள் யாழினி பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். நான் சமூகப்பணி படித்துவிட்டு, மதுரைக் கல்லூரிக் குழு ஒன்று நடத்தும் ஆய்வில் களப்பணியாளராக இருக்கிறேன். மலையில் இருக்கிறவர்களுக்குக் காய்ச்சல், பிரசவம், நெஞ்சுவலி என்றால் முதல் வைத்தியம் எங்கே கிடைக்கிறது, போய்ச்சேர எவ்வளவு நேரமாகிறது, எந்த இடத்தில் டாக்டரும் நர்சும் மற்ற ஆட்களும் எத்தனை பேர் இருந்தால் சமாளிக்க முடியும் என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வு. அதை நடத்தும் கவிதா மேடம் முதல் கூட்டத்திலேயே எங்களிடம் சொன்னார்: "கட்டடத்த எண்ணிட்டு வராதீங்க. நீங்க போற நேரத்துல உள்ள யார் இருக்காங்கன்னு எண்ணிட்டு வாங்க."

அப்படி எண்ணியதாலேயே மற்ற நோயாளிகளைவிட நான் கூடுதலாகப் பயந்தேன். எந்த இடத்தில் யார் இல்லை என்று எனக்குத் தெரியும்.

குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டம். அங்குள்ள தொழிலாளர் வரிசை வீடுகளில் பேட்டி எடுத்துவிட்டு ஜீப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. ஏலச்செடிகளுக்கு நடுவே நடைபாதையெல்லாம் சருகு. யாரோ பீடி நெருப்பை வைத்து அழுத்தியதுபோல் கணுக்காலில் சுரீரென்றது. குனிந்து பார்த்தேன். ஒரு சாண் நீளம் இருக்கும், சருகின் நிறம், மூக்கு மட்டும் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்தது. அது ஓடக்கூட இல்லை. மெதுவாகச் சருகுக்குள் இறங்கியது.

நான் போட்ட சத்தத்தில் ஜீப் ஓட்டும் பாண்டி அண்ணன் ஓடிவந்தார். எங்கள் குழுவுக்கு வழக்கமாக ஜீப் ஓட்டுகிறவர் அவர்தான்.

"சுருட்டை விரியன் மாதிரி தெரியுதே தாயி. நடக்காத, நடக்காத! கால ஆட்டாத!"

இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு குச்சியை வைத்து என் துப்பட்டாவால் காலைத் தளர்வாகச் சுற்றி, என்னைத் தூக்கி முன்சீட்டில் வைத்தார். ஜீப் இறங்க ஆரம்பித்தது. அந்தப் பாதையில் வேகமாகப் போனால் உடம்பு குலுங்கும், மெதுவாகப் போனால் நேரம் போகும். இரண்டுக்கும் பயந்துகொண்டு பல்லைக் கடித்தபடி வந்தேன். எரிச்சல் முழங்கால்வரை ஏறிவிட்டது.

"எங்க தாயி போக? மொதல்ல வர்ற ஆஸ்பத்திரிக்கே விடவா?"

"அங்க இன்னைக்கு டாக்டர் இருக்க மாட்டாருண்ணே."

"அது எப்படித் தெரியும்?"

"போன வாரந்தாண்ணே அங்க போய் எழுதிட்டு வந்தேன்."

இருந்தாலும் வழியில் இருந்த அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் நிறுத்தினோம். கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாள் அது. பெஞ்சு நிறையப் பெண்கள், ஒரே ஒரு நர்ஸ். என்னைப் பார்த்ததும் எல்லோரையும் விட்டுவிட்டு வந்தார். கையில் ஊசி குத்தி டிரிப் போட வழி ஏற்படுத்தினார். சின்னக் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, அசையாமல் மேஜையில் நிறுத்திவைத்தார். பாம்புக்கடிக்கு அதுதான் முதல் பரிசோதனை. இருபது நிமிடம் தொடாமல் விடுவார்கள். நல்ல ரத்தமென்றால் உறைந்துவிடும், குழாயைச் சாய்த்தாலும் சிந்தாது. விஷம் ஏறிய ரத்தம் உறையாது.

நர்ஸ் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது.

"அக்கா, மருந்து இங்க பிரிஜ்ஜுல இருக்கு," என்றார். "ஆனா அது சில பேருக்கு ஒத்துக்காது. மூச்சு அடைக்கும், பிரஷர் எறங்கிரும். அப்படி ஆச்சுன்னா பாக்க டாக்டர் இல்ல. போன்ல கேட்டேன். கீழ அனுப்புன்னு சொல்லிட்டாரு. அவரு இன்னைக்கு வேற சென்டர்ல இருக்காரு."

நர்ஸ் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோரும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செத்துப்போகப் போகிறவள் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

கீழே சமவெளியில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை இருக்கிறது. பாண்டி அண்ணன் ஜீப்பை நேராக அங்கே விட்டார். பெயர் எழுதவில்லை. அங்கே எனக்கு உயிர்கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், ஆள் இல்லாமல் நான் தவித்ததும் அங்கேதான். போனில் தகவல் கேட்டு வாசலிலேயே கண்ணன் நின்றிருந்தார். ஸ்டோரிலிருந்து அப்படியே வந்திருக்கிறார், சட்டையெல்லாம் ஏலக்காய் வாசம். "ஒண்ணுஞ் செய்யாது, ஒண்ணுஞ் செய்யாது" என்று அதையே சொல்லிக்கொண்டு ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்.

விஷமுறிவு மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். குளிர் தூக்கிப்போட்டது. மறுபடி ரத்தம் எடுத்துக் குழாயில் வைத்தார்கள். உறையவில்லை. இன்னொரு தடவை மருந்து. அப்போதும் உறையவில்லை. ஈறிலிருந்து ரத்தம் கசிந்து உப்புக்கரித்தது. என்னைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டே பேசுகிற டாக்டர் உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

"இந்த மருந்து நாலு வகைப் பாம்போட விஷத்துக்குச் செஞ்சது," என்றார். "கடிச்சது சுருட்டையா இருந்தா இந்நேரம் ரத்தம் உறைய ஆரம்பிச்சிருக்கணும். மேல ஏலக்காட்டுல குழிவிரியன்னு சின்னதா ஒண்ணு இருக்கு. பாக்க சுருட்டை மாதிரியே இருக்கும், மூக்கு மட்டும் தூக்கியிருக்கும். அதுக்கு இந்த மருந்து கேக்காது."

"அதுக்கு எந்த மருந்து கேக்கும் டாக்டர்? சொல்லுங்க, மதுரையோ மெட்ராஸோ போய்க் கொண்டாறேன்," என்றார் கண்ணன்.

"அதுக்குன்னு நம்மகிட்ட மருந்து கெடையாதுங்க. விஷம் தானா எறங்குற வரைக்கும் உடம்பு விழுந்துராமப் பாத்துக்கணும். ரத்தம் உறையுறதுக்கு பிளாஸ்மா ஏத்துவோம். கிட்னியத்தான் நான் கவனிச்சுக்கிட்டே இருக்கேன்."

பிளாஸ்மா என்பது ரத்தத்தில் சிவப்பணுவை நீக்கிய மஞ்சள் திரவம். ரத்தத்தை உறையவைக்கும் பொருள் அதில் இருக்கிறது. அதை ஏற்றிய பிறகு மெல்ல மெல்லக் குழாயில் ரத்தம் உறைந்தது. கண்ணன் அந்தக் குழாயைக் கையில் வாங்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிழைத்துவிட்டேன் என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

அதற்குள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. அப்புறம் குறைந்தது. அப்புறம் கட்டிலில் தொங்கிய பையில் ஒன்றுமே சேரவில்லை. கிரியாட்டினின் என்று ஒன்றை அளக்கிறார்கள். உடம்பு வேலைசெய்யும்போது சேரும் கழிவு அது. கிட்னி வடிகட்டினால் குறைவாக இருக்கும், வடிகட்டாவிட்டால் ஏறும். எனக்குக் காலையில் ஓர் அளவு, மாலையில் அதைவிடக் கூடுதல் என்று ஏறிக்கொண்டே போனது. முகம் வீங்கிக் கண் பாதிதான் திறந்தது. தண்ணீர் குடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், குடித்தால் வெளியே போகாது, நுரையீரலில் போய்ச் சேரும்.

தாகம் என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்தது. யாரோ பாட்டில் மூடியைத் திருகும் சத்தம் கேட்டால் உடம்பே அந்தப் பக்கம் திரும்பும். கண்ணன் ஈரத்துணியால் உதட்டை ஒற்றிக்கொண்டே இருப்பார். அவர் தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை. வார்டுக்கு வெளியே மாடிப்படிக்குக் கீழே போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார் என்று பக்கத்துக் கட்டில் பெண்தான் சொன்னாள்.

டயாலிசிஸ் செய்யவேண்டும் என்றார்கள். கழுத்து நரம்பில் டாக்டரம்மா குழாய் பொருத்தினார். டயாலிசிஸ் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது என் கை கட்டில் கம்பியை விடவில்லை. அங்கேதான் அருளைப் பார்த்தேன். அந்த இயந்திரத்தை ஓட்டும் டெக்னீசியன். முப்பது வயதுக்குள் இருக்கும், கம்பம் பக்கத்துக்காரர்.

"அக்கா, கண்ணத் தொறந்து பாருங்க. பாக்காம இருந்தாத்தான் பயம்," என்றார். "ஒங்க ரத்தம் இந்தக் குழாய் வழியாப் போய், இந்தச் சல்லடையில கழுவிக்கிட்டு, அந்தக் குழாய் வழியாத் திரும்பி வருது. அவ்வளவுதான். கிட்னி தூங்குது. அது முழிக்கிற வரைக்கும் இது அதோட சோலியப் பாக்குது."

"முழிக்குமா தம்பி?"

"பாம்புக்கடியில நெறையப் பேருக்கு முழிச்சிருக்குக்கா."

எல்லோருக்கும் என்று அவர் சொல்லவில்லை. அதைக் கவனித்தேன்.

என் ரத்தம் என்னைவிட்டு வெளியே போய்ச் சுற்றிவருவதைப் பார்த்தபடி படுத்திருந்தேன். குளிர்ந்தது. அருள் அவ்வப்போது பிரஷர் பார்த்தார், இயந்திரம் கூவினால் எழுந்து எதையோ திருகினார். முடிகிறவரை அறையைவிட்டு நகரவில்லை. அடுத்த தடவையும் அப்படித்தான். அதற்கடுத்தது வியாழக்கிழமை.

புதன்கிழமை முதலே மூச்சுவிடக் கஷ்டமாக இருந்தது. மல்லாந்து படுத்தால் அடைத்தது, தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தே இருந்தேன். வியாழன் காலையில் ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் கூடியிருந்தது. அது அளவு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி மானிட்டர் வைத்தார்கள். காலையிலேயே டயாலிசிஸ் என்றார்கள். காலை போனது. அறை பூட்டியிருந்தது.

"என்னங்க, அருள் எங்க?"

கண்ணன் போய் விசாரித்துவிட்டு வந்தார். அந்த அறக்கட்டளைக்கு வேறு ஊரில் ஒரு கிளை ஆஸ்பத்திரி. அங்கே இருந்த டெக்னீசியன் பெண் பிரசவ விடுப்பில் போனதிலிருந்து, இரண்டு இடத்தையும் அருள் ஒருவர்தான் பார்க்கிறார். விடிகாலையில் அங்கே ஓர் அவசரம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

மானிட்டரில் பச்சைக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன். கோடு சற்று விலகினால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பக்கத்து அறையில் இயந்திரம் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. நர்ஸ்களில் யாருக்கும் அதை ஓட்டத் தெரியாது. டாக்டரம்மா மட்டும் இரண்டு தடவை அந்த அறையைத் திறந்து உள்ளே போய், மறுபடி வெளியே வந்தார்.

கண்ணன் வராந்தாவில் நின்று போனில் கத்தியது எனக்குக் கேட்டது.

"யோவ், எம் பொண்டாட்டி இங்க மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கா. நீ அங்க என்னய்யா பண்ற? வெரசா வாய்யா!"

அந்தப் பக்கத்திலிருந்து அருள் என்ன சொன்னார் என்று அப்புறம்தான் கண்ணன் சொன்னார். "அண்ணே, இங்க ஓடிக்கிட்டிருக்குறப்பவே ஒரு பெரியவருக்குப் பிரஷர் எறங்கிருச்சு. இப்ப விட்டுட்டு வந்தா அவரு போயிருவாரு. அக்காவ மதுரைக்கு ஏத்தச் சொல்லுங்க. எனக்காகக் காத்திருக்காதீங்க."

டாக்டரம்மாவும் அதைத்தான் முடிவுசெய்தார். பொட்டாசியத்தைத் தற்காலிகமாகக் குறைக்க ஊசிகள் போட்டு, கையெழுத்து வாங்கி, என்னை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து யாழினியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார் பாண்டி அண்ணன். அவள் ஆம்புலன்சுக்குள் ஏறி, என் கலைந்த தலையை வேகவேகமாகப் பின்னிவிட்டாள். அழவில்லை. ரப்பர் பேண்டைத் தன் தலையிலிருந்து கழற்றி எனக்குப் போட்டாள். இவளைத் திரும்பப் பார்ப்போமா என்றுதான் நினைத்தேன். அதை முகத்தில் காட்டாமல் இருப்பதற்கே என்னிடம் இருந்த மிச்ச மூச்செல்லாம் போனது.

ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது எனக்கு மூழ்குவதுபோல் இருந்தது. ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் வாயைத் திறந்து திறந்து மூடினேன். கண்ணன் என் இடது காலின் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி, கழுத்தில் குழாய், மறுகாலில் வீக்கம், பிடிக்க வேறு இடம் இல்லை. கூட வந்த ஆம்புலன்ஸ்காரர் மானிட்டரைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். நான் பார்க்கக்கூடாது என்றுதான் திருப்பினார் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு நான் கண்ணனின் முகத்தை மட்டும் பார்த்தேன். அவர் அடிக்கடி அந்தத் திரையைப் பார்த்தார், பார்த்துவிட்டு என்னிடம் தலையாட்டினார்.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் நேராக டயாலிசிஸ் பிரிவுக்கே கொண்டுபோனார்கள். வாசலில் பணிமுறைப் பலகை. ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு மூன்று பெயர்கள் எழுதியிருந்தன. அந்த நிலைமையிலும் என் கண் அந்தப் பெயர்களை எண்ணியது.

மூச்சுத்திணறல் தணிந்த பிறகு தூங்கினேன். அங்கே தொடர்ந்து டயாலிசிஸ் நடந்தது. பயம் மட்டும் இடம் மாறியது. இனி இதயம் நிற்காது, சரி, ஆனால் கிட்னி முழிக்காவிட்டால்? வாழ்நாள் முழுக்க வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படிப் படுக்கவேண்டும். காப்பீட்டு அட்டை செலவைத் தாங்கும், ஆனால் போடியில் இருந்துகொண்டு எங்கே போவது, எந்த நாளில் யார் இருப்பார்கள்? பார்க்க வந்த கவிதா மேடத்திடம் அதைத்தான் கேட்டேன். அவர் தன் ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் காலுக்குக் கீழே தலையணையைச் சரிசெய்து வைத்தார்.

"நாம எழுதுன பட்டியல்ல அந்த ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் வசதி உண்டுன்னுதான் மேடம் போட்டிருக்கோம்," என்றேன்.

"தெரியும்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

தினமும் சாயங்காலம் கண்ணனுக்கு ஒரு போன் வரும். பெயரைப் பார்த்ததும் துண்டித்துவிடுவார். யாரென்று கேட்டேன். "அந்த டெக்னீசியன்," என்றார் வெறுப்பாக. மறுநாளும் வந்தது. நான்தான் எடுக்கச் சொன்னேன்.

"அண்ணே, அக்காவுக்கு யூரின் போகுதா?"

"இல்ல."

"சரிண்ணே. நாளைக்குக் கூப்புடுறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில்.

ஒரு காலையில் பைக்குள் அடியில் கொஞ்சமாக, தேயிலைத்தூள் கரைந்த நிறத்தில் தேங்கியிருந்தது. நர்ஸ் குனிந்து பார்த்து அளவைக் குறித்துக்கொண்டு போனார். மதியத்துக்குள் இன்னும் கொஞ்சம். மறுநாள் காலையில் பை பாதி நிறைந்து, நிறமும் வெளுத்திருந்தது. கண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். சாயங்காலம்வரை காத்திருக்கவில்லை, அவரே போன் போட்டார்.

"அருளு, போகுதுய்யா! பை ரொம்பிருச்சு! நெசமாத்தான்யா சொல்றேன்!"

கண்ணன் போனை என் காதருகே கொண்டுவந்து பிடித்தார். அருளின் குரல் கேட்டது. "சந்தோசண்ணே. அந்தப் பெரியவரும் நல்லாருக்காரு."

கழுத்துக் குழாயை எடுத்தார்கள். ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடிக்க விட்டார்கள். கண்ணன் எனக்கு எதிரே உட்கார்ந்து அவரும் ஒரு டம்ளர் குடித்தார். வீட்டுக்கு வந்தேன். யாழினி உப்பில்லாமல் குழம்பு வைக்கப் பழகியிருந்தாள். தனக்கும் அதையே ஊற்றிச் சாப்பிட்டாள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

நான் எழுந்து நடமாட ஆரம்பித்தபோது அருள் வீட்டுக்கு வந்தார். கண்ணன் அவரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டுத்தான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"அக்கா, நான் போறேன். கோட்டயத்துல ஒரு ஆஸ்பத்திரியில கூப்புட்டுட்டாங்க. எங்க வீட்ல அவளும் அங்கதான் நர்சா இருக்கா. பாப்பா அவகிட்ட இருக்கு. என்னையப் பாத்தா இப்ப அழுகுது, வேத்தாளுன்னு நெனச்சு."

கண்ணன் என்னைப் பார்த்தார். நான் அருளைப் பார்த்தேன். போகாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எனக்கு இன்னும் மாதாமாதம் பரிசோதனை இருக்கிறது. கிட்னி மறுபடி தூங்கினால் என்ற நினைப்பு என்னைவிட்டு ஒருநாளும் போனதில்லை.

"ஒங்க எடத்துக்கு யாரு தம்பி வர்றாங்க?"

"போட்டுருவாங்கக்கா. சொல்லியிருக்கேன்."

"யாரையாச்சும் பாத்துட்டாங்களா?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். "பாத்துக்கிட்டு இருக்காங்க."

"போய்ட்டு வா தம்பி. பிள்ள மொகத்தப் பாத்துக்கிட்டு இரு," என்றேன். அவர் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

போன வாரம் ரத்தப் பரிசோதனைக்காக அதே அறக்கட்டளை மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்து நேராக வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் களப்பணி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தேன். ரத்தம் கொடுத்துவிட்டு வரும்போது டயாலிசிஸ் அறைப் பக்கம் கால் தானாகப் போனது. கதவு பூட்டியிருந்தது. வெளியே பெஞ்சில் முகம் வீங்கிய ஒருவர் சுவரில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் துண்டும் சாப்பாட்டுத் தூக்கும். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது.

அந்த அம்மா என் கழுத்தில் கிடந்த அட்டையைப் பார்த்தார். சட்டென்று எழுந்துவிட்டார்.

"வந்துட்டியா தாயி! புதுசா ஆள் போடுறாகன்னு சொன்னாக. ஏங்க, எந்திரிங்க, வந்துட்டாக."

சாய்ந்திருந்தவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். சட்டைக் கையை மெதுவாக மேலே சுருட்டி, ஊசித் தழும்புகள் நிறைந்த கையை என் பக்கம் நீட்டினார்.

"நான் டெக்னீசியன் இல்லைங்கய்யா," என்றேன்.

அவர் கையை உடனே மடக்கவில்லை.